ஆஸ்பத்திரி திறந்திருந்தது, பஸ் ஓடவில்லை

தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் சித்தப்பாவுக்குப் பதினைந்து வருடமாக மனச்சிதைவு நோய். மாதம் ஒரு ஊசி, தினம் இரண்டு மாத்திரை. வயல் வேலை பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். 2020-இல் ஊரடங்கு வந்த பிறகு நிலைமை மோசமானது. இன்றுவரை பழையபடி ஆகவில்லை. கொரோனா பயத்தால் இப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியை மூடவே இல்லையே, பிறகு ஏன் இப்படி ஆனது? இன்னொரு தொற்று வந்தால் நாங்கள் என்ன செய்வது?"

டெல்டா மாவட்டங்களில் மனநல சமூகப்பணியாளராக இருபது வருடம் போல வேலை பார்த்தவன் நான். அந்த இரண்டு வருடங்களும் அதில் அடக்கம். பயத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரையில், ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களைக் கவிழ்த்தது பயத்தைவிட பஸ்தான்.

ஊசி போடும் நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் அவரை எழுப்ப ஒருவர் வேண்டும். "இன்னிக்கு ஊசி" என்றதும் முகம் சுளிப்பவரைச் சமாதானப்படுத்தி முதல் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். இரண்டு பஸ் மாறி, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நிற்க வேண்டும். டாக்டர் "தூங்குறாரா, சாப்பிடுறாரா, தனியாப் பேசுறாரா" என்று கேட்பார். கூட வந்தவர் பதில் சொல்வார். ஊசி போட்டு, மாத மாத்திரையை வாங்கித் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இரண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்தால்தான் அடுத்த மாதமும் ஆள் மறுக்காமல் கிளம்புவார். இவ்வளவில் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர் முன்னால் நடப்பது பத்து நிமிடம். மற்றதெல்லாம் வெளியே, யார் கணக்கிலும் வராத ஆட்கள் செய்யும் வேலை. மனநல சேவை என்று நாம் சொல்வது இந்த முழு நாளையும் சேர்த்துத்தான்.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்து பஸ் நின்றது. (நாகப்பட்டினத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022 ஜனவரியில். அதுவரை கடலோரத்துக்காரர்கள் பெரிய வைத்தியம் என்றால் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோதான் போனார்கள்.) ஜூன் மாதம் கொஞ்சம் பஸ் ஓடியது, ஜூலையில் மறுபடி நின்றது. மாவட்டத்துக்குள் செப்டம்பர் 1 முதல், மாவட்டம் விட்டு மாவட்டம் செப்டம்பர் 7 முதல் மீண்டும் ஓடியது. ஜூனைக் கழித்தாலும் மாதம் ஒரு ஊசி போடுபவருக்கு நான்கைந்து ஊசி போச்சு. இ-பாஸ் இருந்ததே என்பார்கள். கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் என்று காரணம் காட்ட வேண்டிய பாஸில், "நன்றாக இருக்கிறார், நன்றாகவே இருக்க வேண்டும் என்பதற்காக ஊசி" என்பதை எந்த அவசரமாகக் காட்டுவது? வாடகைக்கு வண்டி வைக்கலாம் என்றால், கூலி இல்லாத மாதத்தில் அதற்குக் காசு ஏது?

இதில் நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஊசி தவறினால் அடுத்த வாரமே நோய் திரும்பாது. அந்த மருந்தை எண்ணெயில் கரைத்துத் தசையில் போடுகிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து, நின்ற பிறகும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மாதம் இன்னும் மோசம், ஏனென்றால் ஆள் முன்பைவிட நன்றாகத் தெரிவார்! கைநடுக்கம் குறையும், எச்சில் வடிவது நிற்கும், நடையில் இறுக்கம் போய்ச் சுறுசுறுப்பு வரும். மருந்தின் பக்கவிளைவுகள் விலகுவதால் வரும் தெளிச்சி அது. வீட்டில் என்ன நினைப்பார்கள்? "பாத்தியா, ஊசி இல்லாமலே நல்லாத்தான் இருக்காரு. இத்தனை வருசமா வீணா அலைஞ்சோம்." பஸ் மறுபடி ஓடியபோதும் பலர் வராமல் போனதற்கு இதுதான் காரணம். அப்புறம் தூக்கம் போகும். ராத்திரி எழுந்து நடப்பார். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்பார். அதற்குள் மூன்று நான்கு மாதம் ஓடியிருக்கும்.

அந்த வருடம் மேட்டூர் அணையை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12-இல் உரிய தேதியில் திறந்தார்கள். விவசாய வேலைக்கு ஊரடங்கிலிருந்து விலக்கும் இருந்தது. உங்கள் சித்தப்பா வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்றால், ஊசி இல்லாமலும் அந்த வேலையே அவரைக் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். எங்களுக்குப் போன் வரத் தொடங்கியது ஆடி, ஆவணியில். குறுவை அறுப்பு நேரத்தில் வரிசையாக வந்தது. சித்திரையில் அமைதியாக இருந்ததைப் பார்த்து "மனநோயாளிகளுக்கு ஊரடங்கால் பெரிய பாதிப்பு இல்லை" என்று ஒரு கூட்டத்தில் பேசியதை நானே கேட்டிருக்கிறேன்.

ஊசியாவது பரவாயில்லை. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று உடம்பில் நீர் வற்றினாலோ, சில வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டாலோ லித்தியம் ஏறி விஷமாகும். கொரோனா காலத்தில் காய்ச்சலுக்கும் வலி மாத்திரைக்கும் பஞ்சமா? மற்ற மருந்துகளுக்குக் கேட்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் எடுப்பவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். இது தெரியாமல் மிச்சமிருந்த மாத்திரையை எடுத்துப் பழையபடி முழுசாகப் போட்டு மயங்கி விழுந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 130 நாடுகளில் விசாரித்தபோது, 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநல சேவை ஏதாவது ஒன்றாவது தடைப்பட்டிருந்தது. ஆலோசனை சேவை 67 சதவீத நாடுகளில் பாதித்தது, மருந்து கிடைப்பது 30 சதவீத நாடுகளில். தேவையோ அதே நேரத்தில் ஏறியது. முதல் ஆண்டில் மட்டும் மனச்சோர்வும் மனப்பதற்றமும் உலகளவில் 25 சதவீதம் கூடியதாக அதே நிறுவனம் 2022-இல் சொன்னது. கடை பாதி மூடியிருக்கும்போது கூட்டம் கூடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கடையும் ஏற்கெனவே சின்னக் கடை. 2015-16 தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்தது, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. இது தொற்றுக்கு முந்தைய கணக்கு.

ஆஸ்பத்திரி திறந்திருந்தது என்கிறீர்களே, உள்ளே யார் இருந்தார்கள்? மனநல மருத்துவருக்கும் கொரோனா வார்டு டியூட்டி போட்டார்கள். செவிலியர்கள் காய்ச்சல் முகாமுக்குப் போனார்கள். பல இடங்களில் மனநல வார்டு படுக்கைகள் தொற்று வார்டாக மாறின. தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குப் போன் செய்து தைரியம் சொல்வது எங்களைப் போன்றவர்களின் வேலை ஆனது. அது தேவையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பதினான்கு நாள் வீட்டில் இருப்பவருக்கு மூன்று முறை போன் போட்ட நாங்கள், நான்கு மாதமாக ஊசிக்கு வராதவருக்கு ஒரு முறை போடவில்லை. அப்படி வராதவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. ஓ.பி. பதிவேட்டில் பெயரும் ஊரும் இருந்தன. பாதிப் பேருக்குப் போன் நம்பர் இல்லை.

டாஸ்மாக் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மார்ச் 24-இல் கடைகளை மூடினார்கள். மே 7-இல் திறந்து, உயர் நீதிமன்ற உத்தரவால் மூடி, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்ததும் மே 16-இல் மறுபடி திறந்தார்கள். நடுவில் ஆறு வாரம். குடி நின்றது நல்லதுதானே என்று வீட்டுப் பெண்கள் முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார்கள். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஒத்துக்கொள்ளாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் ஆள் நிற்கிறது என்பார்கள். காய்ச்சலும் சேர்ந்து வரும். அந்த ஏப்ரலில் காய்ச்சலும் பிதற்றலும் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார்? கொரோனா என்று யாரும் கிட்டே வரவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் இது ஆளைக் கொல்லும். மருந்து ஒன்றும் அரிதானது இல்லை. தயாமின் (வைட்டமின் பி1) ஊசி, கொஞ்ச நாளுக்கு நடுக்கத்தை அடக்கும் மாத்திரை, குடிக்கத் தண்ணீர், கவனிக்க ஆள். தொடக்கத்திலேயே வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க முடியும். கடையை மூடிய உத்தரவோடு இதற்கும் ஒரு உத்தரவு போயிருக்க வேண்டும். போகாதது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த ஆறு வாரத்தில் விட்டவர்கள் சிலர் இன்றுவரை தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் முதல் வாரத்தைத் தாண்டியவர்கள்.

இன்னொரு கதவும் மூடியது. படித்தவர்கள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். திருச்சிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலுக்கு மனநலம் சரியில்லாதவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைப்பது காலங்காலமாக நடக்கிறது. பூசை வேளையில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். நாகூர் தர்காவுக்கும் இப்படி வருகிறார்கள். நான் மாத்திரைக் கட்சிதான். ஆனாலும் அங்கே என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒரு ஒழுங்கு கிடைக்கிறது. "பைத்தியம்" என்று யாரும் வெறிக்காத இடம் அது. எல்லாவற்றையும்விட, கூட வந்த அம்மாவுக்கு "எனக்கு மட்டும் இப்படி இல்லை" என்று இன்னொரு அம்மாவோடு பேசக் கிடைக்கும் திண்ணை. பெரிய கோயில்கள் 2020 மார்ச்சில் மூடி செப்டம்பர் 1-இல் திறந்தன. 2021 ஏப்ரல் 26 முதல் ஜூலை 5 வரை மறுபடி மூடின. அந்த மாதங்களில் நோயாளியும் வீட்டுக்காரர்களும் ஒரே ஓட்டு வீட்டுக்குள் இரவும் பகலும் முகம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கும்பகோணம் மாதிரி கோயில் ஊர்களில் தெருவில் திரியும் மனநோயாளிகளுக்கு அன்னதானமும் டீக்கடையும்தான் சாப்பாடு. அவை நின்றபோது யாரோ சில இளைஞர்கள் பொட்டலம் கொடுத்ததால் உயிர் பிழைத்தார்கள்.

போன் வழியே வைத்தியம் பார்க்கலாம் என்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை 2020 மார்ச் 25-இல் வெளியிட்டது. அதுவரை இது சட்டப்படி சரியா தவறா என்றே தெளிவில்லாமல் இருந்த விஷயம், ஒரே நாளில் அனுமதி ஆனது. தொற்று செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. பக்கத்துப் புதுக்கோட்டையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2010 முதலே ஒரு பேருந்தில் வீடியோ வசதி வைத்து, கிராமம் கிராமமாகப் போய் சென்னை டாக்டரைக் காட்டி, அங்கேயே மருந்தும் கொடுத்துவந்தது. கவனித்தீர்களா, அங்கே வீடியோவோடு மருந்தும் வந்தது. ஊரடங்கில் நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் குரல் மட்டும். டாக்டர் போனில் எழுதிக்கொடுப்பார், மருந்துக்கடை அதை ஏற்காது. போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் தூக்க மாத்திரை வகைகளைத் தொலைவழியில் எழுத முதலில் தடையும் இருந்தது.

அப்புறம், வீட்டுக்கு ஒரு போன். காதில் குரல் கேட்கும் நோயுள்ளவரிடம் போனைக் கொடுத்து "டாக்டர் பேசுறார், பேசு" என்றால், அதுவும் இன்னொரு குரல்தானே! ஒருவர் போனை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போனார். வலங்கைமான் பக்கம் ஒரு பெண், கேள்வி கேட்டதற்கெல்லாம் "ம்", "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, "அன்னிக்கு மாமியார் பக்கத்துல உக்காந்திருந்தாங்க சார். இப்ப கொல்லைப்பக்கம் வந்து பேசுறேன்" என்றார். புருஷன் அடிப்பதை அன்றுதான் சொன்னார்.

இனி துக்கம். 2021 மே மாதத்து இரண்டாம் அலை கிராமங்களுக்குள் வந்தபோது நான் பார்த்தது இதுவரை பார்க்காதது. நம் பக்கம் ஒரு சாவு என்றால் ஊரே வாசலில் உட்காரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். பங்காளிகள் பாடை கட்டுவார்கள். மறுநாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி, அதுவரை தினம் யாராவது துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்து, பேசாமல் இருந்துவிட்டாவது போவார்கள். மனநலப் பாடத்தில் துயர ஆலோசனை என்று நாங்கள் படிப்பதை விட இந்தப் பதினாறு நாள் எவ்வளவோ மேல். இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று வந்த விதியில், முகம் மூடிய பொட்டலமாக உடல் நேரே சுடுகாட்டுக்குப் போனதில், இது மொத்தமும் போய்விட்டது. "முகத்தைப் பார்க்கலியே, அது அவருதானா" என்று ஒரு வருடம் கழித்தும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மகளுக்கு நான் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை.

டெல்டாவுக்குப் பேரிடர் புதிது இல்லை. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அதே டிசம்பர் 26-இல் சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். 2018 நவம்பரில் கஜா புயல். சுனாமிக்குப் பிறகு மன ஆறுதல் பணி செய்ய உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, தற்காலிகக் குடியிருப்பில் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டோம். குழந்தைகளைப் படம் வரையவிட்டோம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் முழுக்கக் கூடி உட்காருவதுதான். தொற்றில் அதுவே ஆபத்தானது. எங்கள் கையிலிருந்த ஒரே கருவியைப் பிடுங்கிக்கொண்டு வேலை செய்யச் சொன்ன மாதிரி இருந்தது.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கடனோடு திரும்பியவர்கள், பள்ளி நின்று கல்யாணம் பேசப்பட்ட பெண் பிள்ளைகள் என்று இன்னும் சொல்லலாம். உங்கள் கேள்விக்கு அது தூரம். தற்கொலை பற்றி மட்டும் ஒன்று: தேசிய குற்ற ஆவணக் கணக்கில் இந்தியாவில் 2019-இல் 1,39,123, 2020-இல் 1,53,052, 2021-இல் 1,64,033. ஏற்றம் உண்மை. ஆனால் வசதியான பல நாடுகளில் முதல் மாதங்களில் ஏறவில்லை. ஆகவே தொற்று வந்தாலே இது கூடியாக வேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை.

சரி, உங்கள் சித்தப்பாவுக்கு வருவோம். ஏன் பழையபடி ஆகவில்லை? மனச்சிதைவில் நோய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கட்டுக்குள் வர முன்பைவிட நாளாகலாம். முன்பு கேட்ட அளவு மருந்துக்குக் கேட்காமலும் போகலாம். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் வந்தது இல்லை இது. இப்போது எடுக்கும் மருந்தைச் சரியான அளவில் ஒழுங்காக எடுத்தும் முன்னேற்றம் இல்லை, இதற்கு முன் வேறொரு மருந்தும் இப்படியே கேட்கவில்லை என்றால், டாக்டரிடம் "குளோசபின் பார்க்கலாமா" என்று நேராகக் கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மறுபடி வயலுக்கு அழைத்துப் போகப் பாருங்கள், அரை நாள் ஆனாலும் சரி.

அடுத்த தொற்றோ அடுத்த புயலோ வந்தால்? ஓ.பி. சீட்டையும் மாத்திரை அட்டையையும் இப்போதே படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லி இரண்டு வார மாத்திரையாவது கூடுதலாகக் கேட்டு வாங்கி வைக்கலாம். ஊசிக்குத் தஞ்சாவூர் வரை போகவேண்டியதில்லை. டாக்டர் கடிதம் கொடுத்து மருந்தும் கையில் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடச் சொல்லிக் கேட்கலாம். ஊசி தேதியை உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி வையுங்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே, அதில் வரும் அம்மாவுக்கும் இந்த வீட்டில் ஒருவர் இப்படி இருக்கிறார் என்று தெரிந்திருக்கட்டும். மறைத்து வைத்த வீடுகள்தான் 2020-இல் அதிகம் தவித்தன. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசும்; ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தூங்காமல் நடந்தால் அதற்குக் கூப்பிடுங்கள். நீங்கள் தூங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாலும் கூப்பிடலாம்.

ஊசி ஒரு மாதம் தவறி, அவர் திடீரென்று சுறுசுறுப்பாகி, கைநடுக்கம் நின்று, "ஊசி வேண்டாம்" என்றால் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.